அத்தைக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் கேஸ் இணைப்பு: அலைந்து தெரிந்துகொண்டவை

அத்தை திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் தனியாக இருக்கிறார். மகன் குடும்பத்தோடு திருப்பூரில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகடுப்புதான்: கருவமுள், தென்னை மட்டை, பாளை, வறட்டி. ஐப்பசி கார்த்திகையில் எல்லாம் நனைந்து கிடக்கும், எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். குனிந்து ஊதாங்குழலால் ஊதும்போது கண்ணுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது, ஜன்னலும் கிடையாது.

முகாமில் கண்புரை என்றார்கள். சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரி, தேதியும் கொடுத்தார்கள். ஆனால் போன அன்று கண் சிவந்து பீளை கட்டியிருந்ததால், இந்த நிலையில் ஆபரேஷன் செய்தால் சீழ் பிடித்துவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மருந்தை விட்டுக்கொண்டே அதே அடுப்பில் சமைத்தால் சிவப்பு எப்படிப் போகும்? மறுபடி போனபோதும் அதே பதில்தான். அதுவரை வீட்டில் எதில் சமைக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, "வயசானா புரை வரத்தான் செய்யும்" என்பதோடு சரி. ஒரு நர்ஸ்தான் அத்தையின் சேலையில் புகை வாடையைக் கவனித்துவிட்டு, "விறகடுப்பாம்மா?" என்று கேட்டார். புகை கண்ணை உறுத்துவதோடு நிற்காது, மூச்சு வழியாக ரத்தத்தில் கலக்கும் நச்சு, லென்ஸில் இருக்கும் புரதத்தையும் கெடுக்கும், விறகிலும் வறட்டியிலும் சமைக்கும் பெண்களுக்குக் கண்புரை அதிகம் என்று ஆய்வுகளே சொல்கின்றன என்று அவர் விளக்கினார். அன்றிலிருந்து அத்தைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சிவப்பு இறங்கியது, ஆபரேஷனும் செலவில்லாமல் நல்லபடியாக முடிந்தது.

"ஒரு மாசத்துக்கு அடுப்புப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கப்புறம்? இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறதே!

ஏழைப் பெண்களுக்கு இலவசமாக கேஸ் இணைப்பு கொடுக்கும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016இலேயே வந்துவிட்டது, அத்தைக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஏஜென்சியில் கேட்டால், "உங்க ரேஷன் கார்டுல ஏற்கெனவே இணைப்பு இருக்கு" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் இருக்கும் மகனின் சிலிண்டர்! கார்டு ஒன்றாக இருந்ததால் இரண்டு வீடும் ஒரே குடும்பக் கணக்கு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்த இடத்தில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். மகன் கார்டிலிருந்து பெயரை நீக்கி அத்தைக்குத் தனிக் கார்டு எடுக்க வேண்டும், வழி அதுதான்.

தனிக் கார்டுக்கு மனு போட்டால் தனியாகச் சமைக்கிறாரா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். வந்த நேரத்தில் அத்தை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கொட்டகை பூட்டிக் கிடந்தது, மனு தள்ளுபடி. கண்ணைக் காப்பாற்ற அடுப்பை மூட்டாமல் இருந்ததே எதிராகப் போனதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. திரும்பப் போட்டபோது பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தோம், எந்நேரமும் எடுக்கிற போன் நம்பராகக் கொடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கார்டு கைக்கு வந்த பிறகு, கேஸ் இணைப்புக்கு ஆதார் சரிபார்க்க விரல் ரேகை. வருஷக்கணக்கில் நாற்று பறித்து நட்ட கை, ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. மிஷின் ஒவ்வொரு விரலையும் தள்ளியது. ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். போய்விடாதீர்கள். முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, கேட்டால்தான் செய்வார்கள். நான் விடாமல் கேட்டேன், அங்கேயே முடிந்தது. அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கும்போது முழு விலையையும் முதலில் கையிலிருந்து கொடுக்க வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். கூலி வேலை செய்கிறவர்களால் அவ்வளவு பணத்தை ஒரே நேரத்தில் புரட்ட முடிவதில்லை, அதனாலேயே பல வீடுகளில் காலி சிலிண்டர் மூலையில் நிற்கிறது, பெண்கள் மறுபடி புகையில் உட்காருகிறார்கள். உஜ்வாலாவில் 14.2 கிலோவுக்குப் பதிலாக 5 கிலோ சிலிண்டரும் கேட்டு வாங்கலாம். மனு கொடுக்கும்போதே கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.