மாப்பிள்ளையின் எள்ளுத் தாத்தாவைத் தேடி: மூன்றாம் மாதம்

முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்கு மகள் வீட்டில் ஆறு மாதம் சும்மா உட்கார்வது பெரிய தண்டனை. அதிலும் ஒஹையோ குளிரில் வாசலைத் தாண்ட முடியவில்லை. மாப்பிள்ளை அமெரிக்கர். அவருடைய எள்ளுத் தாத்தா உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவராம். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வில்லங்கம் பார்க்கிற மாதிரிதானே, பின்னாலேயே போனால் ஆள் அகப்படுவார் என்று இறங்கினேன்.

பெயரை ஜான் மேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கொரு முறை எடுத்த குடிக்கணக்கு ஏடுகளின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்: ஓர் ஏட்டில் மேயர், அடுத்ததில் மையர், அதற்கடுத்ததில் மையர்ஸ். நம்மூர் சர்வேயர்களே தேவலை.

அதிலேயே வழுக்கி விழுந்தேன். 1900 ஏட்டிலிருந்து 1880-ஐப் பார்க்காமல் 1870-க்குத் தாவிவிட்டேன். 1890 ஏடுகள் எப்படியும் இல்லை; 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீக்குப் பிறகு அதில் மிஞ்சியது சொற்பம். 1870-இல் அதே கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு ஜான், மனைவி மேரி, வயதும் ஏறக்குறைய சரி. இரண்டு வாரம் அவருடைய அப்பாவரை தோண்டி வம்ச மரத்தில் ஏற்றினேன். அப்புறம்தான் 1880-ஐத் திறந்தேன். யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதும் கட்டம் அந்த வருஷம்தான் முதன்முதலாக வந்தது. மாப்பிள்ளையின் கொள்ளுத் தாத்தா அதில் கைக்குழந்தை. ஆனால் இருப்பதோ இன்னொரு ஜான் வீட்டில்! அந்த மேரி வேறு, இந்த மேரி வேறு. ஏற்றியதையெல்லாம் அழித்தேன். மகள் சிரித்துக்கொண்டே காபி வைத்துவிட்டுப் போனாள்.

சரியான மேரி 1900-இல் விதவை. பெற்றது எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை என்று அந்த ஏட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. அவளுக்கு 9, 5. இரண்டே எண்கள்தான், ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் தேட மனசு வரவில்லை.

இந்த மாதத்து வரவு பென்ஷன் கோப்பு. 1890 சட்டப்படி, தொண்ணூறு நாளாவது படையில் இருந்தவரின் ஏழை விதவைக்கு மாதம் 8 டாலர். கணவர் போரினால்தான் இறந்தார் என்று காட்ட வேண்டியதில்லை. ஆனால் கல்யாணத்தை நிரூபித்தாக வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டணம் கட்டி வரவழைத்தோம். உள்ளே பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரின் வாக்குமூலம், குடும்ப பைபிளிலிருந்து கிழித்து அனுப்பிய தாள், அதில் ஒன்பது பிள்ளைகளின் பிறந்த தேதிகள். மேரியின் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தது. கல்யாணத்துக்குப் பிந்தைய எந்தக் குடிக்கணக்கிலும் அது கிடையாது.

மனுவின் அடியில் அவள் பெயரை வேறு யாரோ அழகாக எழுதியிருக்கிறார்கள். நடுவில் கோணலாக ஒரு பெருக்கல் குறி, பேனா அழுத்தியதில் மை பரவியிருக்கிறது. ஆயிரம் கைநாட்டு வாங்கியவன் நான். பக்கத்தில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, இதுதான் உங்கள் பாட்டி கை என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1850 ஏட்டில் பக்கத்து ஊர்களில் மேரியின் பிறந்த வீட்டுப் பெயரோடு மூன்று சின்ன மேரிகள் இருக்கிறார்கள். இந்தத் தடவை 1860-ஐத் தாண்டிக் குதிப்பதாக இல்லை.