நடுவில் வந்து உட்கார்ந்த பேஸ்

“ஊசி நிக்காதுப்பா” என்றேன். “சரிண்ணா, நீங்க சொன்னா சரி” என்றான். பேச்சு மொத்தமே இவ்வளவுதான், அரை நிமிடம் இருக்காது. அந்த ரெக்கார்ட் வெளிவந்தது, விற்றுத் தீர்ந்தது, இரண்டாவது முறையும் அச்சானது. எனக்கு மட்டும் அந்த அரை நிமிடம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் இசைத்தட்டு வெட்டிக் கொடுப்பவன், அவன் அந்த ரெக்கார்டின் இசையைச் செய்த பையன். டெஸ்ட் பிரஸ்ஸிங்கை, அதாவது மொத்தமாக அச்சடிக்கும் முன் சரிபார்க்க வரும் தட்டை, கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தான். ஏ பக்கத்து டெக்னோவில் குறை எதுவும் சொல்லவில்லை. சிக்கல் பி பக்கத்தில், 11 நிமிடம் 40 விநாடி ஓடும் டீப் ஹவுஸ் நடன இசையில். “அண்ணா, பேஸ் நடுவுல வந்து உக்காந்திருச்சே?” குரலில் கோபம் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவன், நாற்காலியை யார் நகர்த்தியது என்று கேட்பதுபோல் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மறந்திருப்பேன்.

அவன் அந்த பேஸை, அதாவது இசையின் ஆழ்ந்த அடி ஒலியை, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டாகச் செய்திருந்தான். இரண்டுக்கும் சுருதியில் மயிரிழை வித்தியாசம். நேரம் போகப் போக ஒன்றையொன்று விட்டு விலகி, மறுபடி சேரும். ஹெட்போனில் கேட்டால் தரை மெல்லச் சாய்ந்து நிமிரும். முதல் தடவை கேட்டபோது நானே கண்ணை மூடிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் இதை எழுதினால் நியாயம் இல்லை.

ஆனால் இசைத்தட்டின் பள்ளத்துக்கு அந்த ரசனை கிடையாது. இரண்டு சேனலுக்கும் பொதுவான ஒலி பள்ளத்தைப் பக்கவாட்டில் அசைக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மேலும் கீழும் அசைக்கும். ஆழ்ந்த பேஸ் இரு பக்கமும் எதிரெதிராகப் போனால், வெட்டும் ஊசி லாக்கரில் (முதலில் பள்ளம் வெட்டும் அரக்குப் பூச்சுத் தட்டில்) ஓரிடத்தில் அளவுக்கு மீறி இறங்கும், அடுத்த இடத்தில் மேலே எழும்பிப் பள்ளமே இல்லாமல் செய்துவிடும். அப்படி வெட்டிய தட்டில் கிளப் டர்ன்டேபிளின் ஊசி குதிக்கும். அதனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததையெல்லாம் மோனோவாக்கி, அதாவது இரு சேனலுக்கும் ஒரே ஒலியாக்கி, நடுவில் சேர்த்தேன். கட்டிங் அறைகளில் அன்றாடம் நடக்கிற காரியம். சேர்த்தபோது, எதிரெதிராக இருந்த பகுதிகள் ஒன்றையொன்று தின்றுகொண்டன, பேஸ் இளைத்துவிட்டது. அதை ஈடுகட்ட 1.5 டெசிபல் ஏற்றிவிட்டேன். மோனோவாக்கியதை ஊசியின் தலையில் கட்டலாம். ஏற்றியதை யார் தலையில் கட்டுவது?

சொல்லாமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. “பி பக்கம் வினைலுக்கு ஏத்தமாதிரி சின்ன திருத்தம்” என்று ஒரு வரி அனுப்பியிருந்தேன். அந்தச் ‘சின்ன’ என்ற சொல்லைப் பிறகு எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன்.

காலமும் அப்படி. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பானிங் ஊரில் அப்போலோ ஆலை எரிந்துபோயிருந்தது. லாக்கர் தட்டு செய்துகொண்டிருந்த இரண்டே இடங்களில் ஒன்று அது, மற்றது ஜப்பானில். அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டையும் எண்ணி எண்ணித்தான் எடுத்தோம். ஒரு பக்கம் வெட்டுவதற்கு ஒரு தட்டு. சரியாக வராவிட்டால் அது குப்பைக்கு. அச்சு ஆலைகளில் மாதக்கணக்கில் வரிசை. முறை தவறினால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். அவனுடைய பேஸ் மிக அகலமாக விரிவதோ கடைசி மூன்று நிமிடங்களில், அதாவது தட்டின் உட்பக்கத்தில். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளி விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே போகப் போக எந்த ஒலிக்கும் இடம் குறைவு. இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தேன். இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்று நினைக்கிறேன்.

நினைக்கிறேன், அவ்வளவுதான். ஏனென்றால் வேறு வழியும் இருந்தது. மொத்த லெவலையும் 4 டெசிபல் இறக்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் மோனோவாக்கியிருக்கலாம். அடித்தளம் நடுவில் நிற்கும், அதற்கு மேல் அந்தச் சாய்வு பாதியாவது பிழைத்திருக்கும். தட்டு கொஞ்சம் சத்தம் குறைவாக ஒலிக்கும். இரைச்சல் சற்று முன்னால் வரும். டிஜே மிக்ஸரில் கெயின் குமிழைத் திருப்ப வேண்டியிருக்கும். திருப்பட்டுமே. அப்படி ஒன்றை நான் வெட்டிப் பார்க்கவே இல்லை. ஆகவே “ஊசி நிக்காது” என்பது நான் வைத்த லெவலுக்கு மட்டுமே உண்மை. சத்தமான தட்டு வேண்டும் என்று அவன் கேட்டதில்லை; என் அறையிலிருந்து மெலிந்த தட்டு போகக்கூடாது என்று விரும்பியது நான்தான்.

பெர்லினில் பேசிக் சேனல் என்ற பெயரில் டெக்னோ செய்த இருவர் 1993 முதல் தட்டுகள் வெளியிட்டார்கள். 1995-இல் டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் என்று கட்டிங் அறையையே தொடங்கிவிட்டார்கள். வெட்டுவதும் இசை அமைப்பதில் ஒரு பகுதி என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். இந்தப் பையனுக்குச் சொந்த அறை இல்லை. நான் இருந்தேன்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பேஸ் நடுவில் இருக்க வேண்டும் என்பது முதலில் ஊசியின் நிர்ப்பந்தம். பல கிளப்களில் ஒலிபெருக்கிகளையே மோனோவில்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் அது நடைமுறைக்கும் ஒத்துப்போனது. பிறகு ரசனையாகிவிட்டது, இப்போது அப்படி இல்லாவிட்டால் பிழை என்கிறோம். நான் திருத்தியது பிழையையா, பழக்கமில்லாத ஒன்றையா என்று இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ரெக்கார்ட் வந்ததும் எல்லோரும் பாராட்டியது பி பக்கத்தைத்தான், அதிலும் பேஸை. ‘நெஞ்சில் வந்து விழுகிறது’ என்றார்கள். அந்த 1.5 டெசிபலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்ததை மறைக்க மாட்டேன். அடுத்த வாரம் அவன் கூப்பிட்டான். “டிஜிட்டலுக்கும் உங்க வெர்ஷனையே போட்டுரலாம்ணா.” டிஜிட்டல் ஃபைலுக்கு ஊசி கிடையாது, குதிக்க ஒன்றுமில்லை, உன்னுடையதையே போடு என்று சொல்ல எனக்குத் தெரியாதா? ஃபைலை அனுப்பினேன். அன்றே அனுப்பினேன். அவன் முதலில் செய்தது இப்போது அவனுடைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

அடுத்த இ.பி.யையும் (சில டிராக் மட்டும் உள்ள சிறிய ரெக்கார்டையும்) எனக்குத்தான் அனுப்பினான். நான்கு டிராக். ஃபில்டரைப் போட்டு அடிப்பகுதியை மட்டும் தனியே கேட்டேன். இரு சேனலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் மீட்டரின் முள், முழு ஒற்றுமையைக் குறிக்கும் +1-ஐ விட்டு அசையவில்லை. 150-க்குக் கீழே எல்லாம் சுத்தமாக நடுவில். கற்றுக்கொண்டானா, விட்டுக்கொடுத்துவிட்டானா? எனக்குத் தொட ஒன்றுமே இல்லை. ஒரே முயற்சியில் இரண்டு பக்கமும் வெட்டி, ரன்-அவுட்டில், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில், வழக்கம்போல என் முதலெழுத்தைக் கீறினேன். அவனைக் கூப்பிட்டு, பழைய மாதிரி பேஸ் செய்வதை ஏன் விட்டாய் என்று கேட்கத்தான் போனை எடுத்தேன். இடைவெளி போதுமா, லேபிளில் அச்சிட வேண்டிய விவரம் அனுப்பியாச்சா என்று எதையெதையோ கேட்டேன்.

“இந்தத் தடவை ஊசி நிக்குமாண்ணா?” என்றான். கிண்டலா என்று குரலை வைத்துத் தெரியவில்லை.

நிற்கும் என்றேன்.