தாத்தாவின் இரட்டைக்குழலுக்குப் புதுக் கட்டை

2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் வழக்கம்போலத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். ஜூன் 4 ஓட்டு எண்ணி முடிந்து சில நாள் கழித்துத் திரும்ப வாங்கிவந்து, வீட்டில் உறையைப் பிரித்தால், தோளில் வைக்கிற மரக் கட்டையில் வெடிப்பு. ட்ரிக்கருக்குப் பின்னால், கை பிடிக்கிற ஒடுங்கிய இடத்தில், ஒரு விரல் நீளம். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவனோ கீழ போட்டுட்டான்"னு தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கும் அப்போது அதே நினைப்புதான்.

எங்களுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகும் தக்காளியும். துப்பாக்கி தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல். செய்தவர் பெயர் தேய்ந்துபோய், பர்மிங்ஹாம் என்ற ஊர்ப்பெயர் மட்டும் மங்கலாகத் தெரியும். சுட்டதைவிட எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான் அதிகம். உரிமம் 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால் போதும் என்பதால் அந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முதல் வைத்தியம் அரால்டைட். இரண்டு பசையையும் குழைத்து வெடிப்புக்குள் இறக்கி, சைக்கிள் டியூப்பை இறுகச் சுற்றி இரண்டு நாள் வைத்தேன். டியூப்பை அவிழ்த்ததும் பசை தனியாக, மரம் தனியாக உரிந்து வந்தது. தச்சு வேலை செய்கிற மச்சான், "துப்பாக்கிய எங்கிட்ட குடு மாமா, ரெண்டு நாள்ல வேற கட்டை போட்டுத் தர்றேன்"னான். செய்யக்கூடியவன்தான். ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கி பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். அவன் பட்டறையில் அது இரண்டு நாள் கிடந்தால் மாட்டுவது நாங்கள் இருவரும்தான். அதுவும் நாட்டுத் துப்பாக்கிகளைத் தேடித்தேடிப் பிடிக்கிற மலையோரப் பகுதி எங்களுடையது.

அடுத்து வடக்கே ஒரு கடையில் போனிலேயே பேசி, போட்டோ அனுப்பி, அரைகுறையாகக் குடைந்த கட்டை ஒன்றை வரவழைத்தேன். கூரியரோடு 6,500 ரூபாய். பார்க்கப் பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. கட்டைக்குள் உட்காருகிற நம் துப்பாக்கியின் இரும்புப் பாகத்தை அதில் வைத்துப் பார்த்தால், அதன் பின்பக்க வால் ஒரு பக்கம் போகிறது, குடைவு ஒரு பக்கம் போகிறது. திருப்பி எடுக்க மாட்டார்களாம். மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு இப்போது அதுதான் முட்டு.

பெங்களூரு எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் கேள்வி. ஆனால் எங்கள் உரிமப் புத்தகத்தில் செல்லுபடியாகும் எல்லை என்ற இடத்தில் 'தமிழ்நாடு' என்று எழுதியிருக்கிறது. தக்காளி தினமும் எல்லை தாண்டலாம், துப்பாக்கி தாண்டக் கூடாது. ஆகவே எதிர்த்திசையில் ராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம். குழலைத் தனியாகக் கழற்றிப் பையில் வைத்து, தோட்டாக்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, உள்ளூர் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து அதன் நகலையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் யாரும் கேட்கவில்லை.

சேலத்தில் உரிமம் பெற்ற கடையில் பழுது பார்ப்பவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். முதலில் குழலைத் திறந்து காலி என்று உறுதி செய்துகொண்டார். பிறகு திருகுகளைக் கழற்றி மரத்தைப் பிரித்து, அதன் தலைப்பகுதியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். கரேலென்று ஊறிப்போய் எண்ணெய் நாற்றம்.

"வீட்ல எப்படி வெப்பீங்க தம்பி?"

"மூலையில சாத்தி வெப்போம்ங்க."

"கட்டை கீழயா?"

"ஆமாங்க."

"எண்ணெய் யாரு போடறது?"

"அப்பாங்க. மாசம் தவறாம."

அவர் சிரித்தார். இரும்புக்குப் போட்ட எண்ணெய் நின்ற நிலையிலேயே மெல்ல இறங்கி மரத்துக்குள் ஊறி, வருடக்கணக்கில் அதைப் பஞ்சாக்கிவிடுமாம். பிறகு ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் உதைக்கும்போது, நைந்த மரம் பிளக்காமல் என்ன செய்யும்? அரால்டைட் ஏன் பிடிக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நிலையத்துக்காரர்களை மூன்று மாதம் திட்டியதெல்லாம் வீண்.

கொட்டகைக் கட்டையின் கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். இந்த மாதிரி, சுடும் பாகங்கள் எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய பெட்டிப்பூட்டுத் துப்பாக்கியின் அமைப்பு 1875இல் ஆன்சன், டீலி என்ற இருவர் பேடண்ட் எடுத்தது. அமைப்பு ஒன்றுதான் என்றாலும் பழைய பர்மிங்ஹாம் பட்டறைகளில் ஒவ்வொன்றையும் அரத்தால் ராவிக் கையாலேயே பொருத்தினார்கள். ஒன்றின் கட்டை இன்னொன்றில் உட்காராது. "ஸ்பேர் பார்ட்டுனு தேடாதீங்க. சட்டை மாதிரி, அளவெடுத்துத் தைக்கணும்."

மரத்தில் அப்பா தலையிட்டார். இடித்த பழைய வீட்டின் வேங்கை உத்தரம் பரண்மேல் கிடக்கிறது, நூறு வருஷம் காய்ந்தது, அதைக் கொண்டுபோ என்றார். மச்சானிடம் ஒரு துண்டு அறுத்து வாங்கிப்போனேன். பெரியவர் அதில் ஓடுகிற ரேகையை, அவர் சொல்வதில் நரம்பை, பார்த்து ஒதுக்கிவிட்டார். ஒடுங்கிய கைப்பிடியில் நரம்பு நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், இதில் குறுக்கே ஓடுகிறது, முதல் வருஷமே ஒடியும் என்றார். ஈட்டி மரம் கேட்டேன். உறுதிதான், ஆனால் கனம். பின்பாரம் ஏறிக் குழல் எடையில்லாமல் மிதக்கும். கடைசியில் அவரிடமே இருந்த வால்நட் பலகை. காஷ்மீரில் அக்ரோட் பருப்புக் காய்க்கிற அதே மரம். மரம் 9,000, கூலி 14,000. கொஞ்சம் அதிகம்தான், பேரம் பேச மனம் வரவில்லை.

பதிவேட்டில் எழுதி ரசீது கொடுத்தார்கள். எட்டு வாரம். இடையில் இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை பாதி நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மண்ணெண்ணெய் விளக்குச் சுடரில் இரும்பைக் காட்டிக் கரி ஏற்றுகிறார். மரக் குடைவில் வைத்து அழுத்தி எடுக்கிறார். எங்கே கரி ஒட்டியதோ அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல், வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற அளவு. மறுபடி கரி, மறுபடி அழுத்தம். நூறு தடவைக்கு மேல் இருக்கும். இரும்பின் முதுகு முழுக்க மரத்தில் ஒரே சீராகக் கரி பதிந்த பிறகுதான் உளியைக் கீழே வைத்தார். ஒரு புள்ளியில் மட்டும் உதை விழுந்தால் அங்கிருந்துதான் பிளக்குமாம்.

அளவும் எடுத்தார். ட்ரிக்கரிலிருந்து கட்டையின் அடிவரை தாத்தாவுக்கு 13¾ அங்குலம், எனக்கு 14¼. கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொன்னார். திறந்தால் பார்வை குழலின் நடுவரியில் நேராகப் போக வேண்டும். எனக்கு இடப்பக்கம் சரிந்தது. கட்டையை அரைக்கால் அங்குலம் வெளிப்பக்கமாக ஒதுக்கி வளைத்துச் செதுக்கினார். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய்தான். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது, அதற்கே மூன்று வாரம் போனது.

பழைய கட்டையையும் கேட்டு வாங்கி வந்தேன். தாத்தாவின் கன்னம் பட்டுப்பட்டு ஒரு பக்கம் வழுவழுவென்று இருக்கும்.

இப்போது வீட்டில் துப்பாக்கி பீரோவுக்குள் வாய் கீழே, கட்டை மேலே என நிற்கிறது. "வவ்வால் மாதிரி"ன்னு அப்பா முனகுகிறார். எண்ணெயையும் மூன்று மாதத்துக்கு ஒரு சொட்டாகக் குறைத்தாயிற்று. அடுத்த தேர்தலுக்கு நிலையத்தில் கொடுக்கும்போது எப்படிச் சாத்துவார்களோ என்ற கவலை அவருக்கு. போன வாரம் உறையின்மேல் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதிவிட்டார்: 'வாய் கீழே வைக்கவும்'.