அல்பைன் செய்முறைப் பரீட்சை: தொலை முகவரிப் புத்தகமும் பாதுகாப்பான உள்நுழைவும்

திருகோணமலையில், கோணேசபுரி கம்பஸிலோ வேறு நிறுவனத்திலோ, லினக்ஸ் செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். டேர்மினலில் ஓடும் மின்னஞ்சல் மென்பொருளான அல்பைன் பற்றிக் கேள்வி வந்தால் கவனிக்க வேண்டியது இதுதான்: இன்பொக்ஸுக்குக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) போட்டதோடு வேலை முடியாது. அல்பைனில் பாதுகாப்பை ஒவ்வொரு சேவையகப் பெயருக்குப் பின்னாலும் தனித்தனியே எழுத வேண்டும். இன்பொக்ஸ், முகவரிப் புத்தகம், கடிதம் அனுப்பும் எஸ்எம்டிபி மூன்றுக்கும் அப்படித்தான்.

தொலை முகவரிப் புத்தகம் என்பது ஐமேப் சேவையகத்தில், அதாவது மின்னஞ்சல்களை வைத்திருக்கும் சேவையகத்தில் உள்ள ஒரு கோப்புறை. புத்தகம் முழுவதும் அதற்குள் ஒரு மின்னஞ்சலாகக் கிடக்கும். திருத்தும்போது புதிய பிரதி கடைசியில் சேரும். பழைய பிரதிகள் மூன்று வரை இயல்பாக வைக்கப்படும். ஆகவே கடிதங்கள் உள்ள கோப்புறையின் பெயரைக் கொடுக்கவே கூடாது. புதுப் பெயர் ஒன்றைக் கொடுங்கள்.

புத்தகத்தை உருவாக்க, முதன்மைப் பட்டியலில் எஸ் விசை, பிறகு ஏ, சேர்ப்பதற்கு மீண்டும் ஏ. சேவையகப் பெயர், கோப்புறை, செல்லப்பெயர் என்று கட்டங்கள் வரும். சேவையகப் பெயரை எழுதி, இடைவெளி விடாமல் சாய்கோடும் எஸ்எஸ்எல்லும், பிறகு சாய்கோடும் யூஸர் சமன் பயனர்பெயரும். கன்ட்ரோல் எக்ஸ் அழுத்திச் சேமியுங்கள். சேவையகக் கட்டத்தை வெறுமையாக விட்டால் புத்தகம் உள்ளூரிலேயே உருவாகிவிடும். திரையைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியாது, பரீட்சைப் புள்ளி மட்டும் போய்விடும்.

எஸ்எஸ்எல் என்றால் தொடக்கத்திலிருந்தே குறியாக்கம், 993ஆம் போர்ட். டிஎல்எஸ் என்று எழுதினால் 143இல் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் மூலம் குறியாக்கத்துக்கு மாறும். இரண்டும் எழுதாமல் விட்டாலும், குறியாக்கத்துக்குத் தயார் என்று சேவையகம் அறிவித்தால் அல்பைன் குறியாக்கும். ஆனால் இடையில் யாரோ அந்த அறிவிப்பை அகற்றினால் கடவுச்சொல் வெளியாகப் போய்விடும். டிஎல்எஸ் என்று எழுதியிருந்தால் குறியாக்கம் இல்லாதபோது இணைப்பே நடக்காது. எஸ்எம்டிபிக்கு 587இல் டிஎல்எஸ், அல்லது 465இல் எஸ்எஸ்எல்.

சேவையகத்தை அடையாளம் காட்டும் சான்றிதழில் பிழை வந்தால் பலர் உடனே சான்றிதழ் சரிபார்ப்பையே நிறுத்திவிடுகிறார்கள். அது தவறான விடை. முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். சிமோஸ் பற்றரி செத்த பழைய கணினிகளில் வருடமே பின்னுக்குப் போயிருக்கும். அடுத்தது, பெயருக்குப் பதில் ஐபி முகவரி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆய்வுகூடம் தானே ஒப்பமிட்ட சான்றிதழ் என்றால் அதை நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வீட்டில் பயிற்சி செய்ய, சொந்தக் கணினியிலேயே ஓடும் ஐமேப் சேவையக மென்பொருளான டவ்கொட் போதும், டேட்டா செலவில்லை. ஆனால் சேவையகமும் அல்பைனும் ஒரே மடிகணினியில் இருந்தால் டவ்கொட் அந்த இணைப்பைப் பாதுகாப்பானதாகக் கருதி, குறியாக்கம் இல்லாத கடவுச்சொல்லையும் ஏற்கும். ஆகவே இரண்டு கணினிகளில் செய்து பாருங்கள். ஜிமெயிலில் பழகுகிறவர்களுக்கு: சாதாரணக் கடவுச்சொல் 2022 மே 30 முதல் செல்லாது. இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு 16 எழுத்து ஆப் கடவுச்சொல் எடுக்க வேண்டும்.

இணைப்பு அறுந்தால் அல்பைன் தன்னிடமுள்ள பிரதியைக் காட்டும். வாசிக்கலாம், திருத்த முடியாது. மற்றக் கணினியில் செய்த மாற்றம் உடனே தெரியாவிட்டால் பதற வேண்டாம். இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது சரிபார்க்கும். புத்தகத் திரையில் கன்ட்ரோல் எல் அழுத்தினால் உடனே பார்க்கும்.

உள்நுழையும்போது கீழ் வரியில் சேவையகப் பெயரின் பக்கத்தில் இன்செக்யூர் என்று இருந்தால் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வந்து, அந்தச் சேவையகத்தின் வரியைத் திருத்துங்கள்.