சூடான தரையும் கொரியப் பாட்டிமாரின் முழங்கால்களும்

கொரியாவில் எண்பது வயதைக் கடந்த பாட்டிமார் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கையை ஊன்றாமலே எழுந்து நிற்கும் காணொளிகள் அண்மைக்காலமாக அடிக்கடி கண்ணில் படுகின்றன. நீண்ட ஆயுளின் ரகசியம் இதுதான் என்ற தலைப்பும் தவறாமல் கூடவே வருகிறது. தென் கொரியாவின் சுவோன் நகரில் சில ஆண்டுகளாக வசித்து வரும் எனக்கு, அந்தத் தலைப்பு பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்று தோன்றுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு வேர், அந்நாட்டுக் குளிர். ஓண்டோல் என்னும் பழைய முறையில், அடுப்பின் வெப்பமும் புகையும் அறையின் கற்பலகைகளுக்கு அடியில் ஓடி எதிர்ப்புறப் புகைபோக்கி வழியாக வெளியேறும். கற்களின் மேல் மண் பூசி, எண்ணெய் ஏற்றிய தடித்த காகிதத்தை ஒட்டியிருப்பார்கள். அடுப்பை ஒட்டிய, மிகச் சூடான இடம் வீட்டுப் பெரியவர்களுக்கு உரியது. உண்பதும் உறங்குவதும் அந்தத் தரையில்தான். காலையில் மெத்தையை மடித்து வைத்துவிட்டால் படுக்கையறையே கூடமாகிவிடும். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் புகைக்குப் பதிலாகத் தரைக்கடியில் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. சோபா வாங்கிப் போட்டவர்கள்கூட அதன்மேல் உட்காராமல், தரையில் அமர்ந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொள்வது இங்கே வெகு சாதாரணம்.

இப்படி வாழ்பவர் நாள் முழுவதும் தரைக்கு இறங்கி எழுந்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால், இடுப்பு மூட்டின் சுழற்சியும் கணுக்காலின் மடக்கமும் தொடைத் தசையின் வலுவும் எளிதில் கைவிட்டுப் போவதில்லை. மூதாதையர் சடங்குகளில் முதியவர்களும் நின்ற நிலையிலிருந்து மண்டியிட்டு, தலையைத் தரையளவு தாழ்த்தி வணங்கி, எழுந்து மீண்டும் ஒருமுறை வணங்குகிறார்கள். ஆகவே பயன் உட்கார்ந்திருப்பதில் இல்லை, எழுவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. காணொளிக்காரர்கள் சான்று காட்டும் 2012-ஆம் ஆண்டின் பிரேசில் ஆய்வு, 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் செய்து, பிடிமானம் அதிகம் தேவைப்பட்டவர்களிடையே இறப்பும் அதிகம் என்று கண்டது. ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள வலுவை அது அளந்ததே தவிர, தரையில் அமர்ந்தால் ஆயுள் கூடும் என்று நிறுவவில்லை.

மறுபாதி முழங்காலில் இருக்கிறது. நவம்பர் வாக்கில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி என்னும் காரமான ஊறுகாயைப் போடும் கிம்ஜாங் நாட்களில், சிவப்பு ரப்பர் தொட்டிகளைச் சுற்றிப் பெண்கள் மணிக்கணக்கில் குந்தியிருந்து சீன முட்டைக்கோஸ் இலைகளின் இடையே மிளகாய் விழுதைத் தடவுவார்கள். பூண்டு நடுவதும் களை பறிப்பதும் இதே இருப்பில்தான். வயல்களில் நடுவே குழிந்த வட்டமான பஞ்சு இருக்கை ஒன்றை வார்ப்பட்டையில் இரு தொடைகளையும் நுழைத்து மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். எழுந்து அடுத்த பாத்திக்கு நடக்கும்போது அது பின்புறத்திலேயே ஆடிக்கொண்டு வரும். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் முழங்காலின் சுமையைக் குறைக்க இதைவிட மலிவான சாதனம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சம்மணமிடுவதைவிடக் குந்துவது முழங்காலை ஆழமாக மடக்குகிறது. அந்த நிலையில் பளு ஏறும்போது மூட்டின் உட்புறத்தில் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வின் பின்பகுதி நசுங்குகிறது. பல ஆண்டுகளில் அது கிழிந்து, குருத்தெலும்பு தேய்ந்து, கால்கள் வில்லாக வளைகின்றன. கிராமத்துச் சந்தைகளில் அப்படி வளைந்த கால்களோடு, பொருள் ஏற்றிய குழந்தை வண்டியை ஊன்றுகோலாகத் தள்ளிச் செல்லும் மூதாட்டிகளைக் காணாமல் இருக்க முடியாது. அவர்களுடைய இடுப்பு வளைந்துகொடுக்கிறது, முழங்கால்தான் முதலில் தேய்ந்துபோகிறது. தேய்மானம் தொடங்கியவர்களுக்கு நாற்காலியையும் கட்டிலையும்தான் கொரிய எலும்பு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

2024 டிசம்பரில் அந்நாட்டு மக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பங்கு 20 விழுக்காட்டைக் கடந்தது. காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து உண்ணும் உணவகங்கள் பலவும் மேசை நாற்காலிக்கு மாறிவிட்டன. எங்கள் குடியிருப்பிலுள்ள முதியோர் கூடத்திலும் நாற்காலிகள் வந்திருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் அவற்றில் அமர்கிறார்கள். மற்றவர்கள் போர்வையை விரித்து, தரையில் வட்டமாக அமர்ந்து ஹ்வாட்டு சீட்டு ஆடுகிறார்கள். எழும்போது மட்டும் பக்கத்திலிருப்பவரின் தோளைப் பற்றிக்கொள்ளத் தயங்குவதில்லை.