இடவப்பாதி மழையும் லைப்ரரி புக்கும்

ஜூன் 8, சனி

இடவப்பாதி, எங்க பக்கத்து ஜூன் மாச மழை, பிடிச்சுட்டு. காலைல இருந்து கரண்ட் இல்ல, கரண்ட் இல்லாம ஜெராக்ஸ் கடைல உக்காந்து என்ன பண்ண, நேத்து நாகர்கோவில் லைப்ரரில எடுத்த தி. ஜானகிராமனுக்க 'அம்மா வந்தாள்' நாவல் பைக்குள்ள கெடந்துது, அத எடுத்து விரிச்சேன். காலேஜ்ல படிக்கும்போ ஒருக்க வாசிச்சது. அப்போ கதையில வர்ற மகன் அப்புவுக்காக அழுதேன், ஐயோ பாவம் இந்த பையனுக்கு இப்படி ஒரு அம்மையான்னு.

இந்த காப்பில யாரோ ஒரு புண்ணியவான் பால்பாயிண்ட் பேனாவால அப்புவுக்க அம்மை அலங்காரத்தம்மா வர்ற ஒரு பக்கத்துல ஓரமா 'சீ'ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற இழுத்து வச்சிருக்கான். நான் பக்கம் பக்கமா புரட்டிப் பாத்தேன், அவ கூட தொடுப்பு வச்சிருக்கிற சிவசு வர்ற இடத்துல ஒரு புள்ளி கூட இல்ல, துடைச்சு வச்ச மாதிரி சுத்தமா கெடக்கு. ரப்பர் வச்சு அழிச்சேன், பேப்பர் தான் கிழியப் பாத்துது.

1966ல வந்த புக்கு. மொத்த கதையிலயும் அலங்காரத்துக்க மனசுக்குள்ள நாம அவ்வளவா போறதில்ல, பெரும்பாலும் மகன் கண்ணு வழியா தான். மகன வேதம் படிக்க வச்சு அதுல தனக்க பாவத்த கழுவணும்னு நினைக்கா, கடைசில காசிக்கு போறா. வீட்டுக்காரர் தண்டபாணிக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சே இருக்காரு. ஆனா அவளுக்கு சிவசு மேல இருந்தது ஆசையா, பழக்கமா, பிடிவாதமா? அப்புவுக்கு தெரியாது, அதனால நமக்கும் தெரியாது. அப்பு மேல ஆசை வச்ச இந்துவ சொல்லணும், அவ விதவை, ஆனா எனக்கு நீ வேணும்னு அப்பு மொகத்துக்கு நேரா வாய் விட்டு கேக்கா. ஜானகிராமன் அந்த வாய அவளுக்கு குடுத்தாரே, அத மறைக்கப்பிடாது.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு வந்து மரச்சீனி அவிக்க போட்டுட்டு திண்ணைல உக்காந்து 'புத்தம் வீடு' எடுத்தேன். இது எனக்க சொந்த காப்பி. ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதினது, 1964. நம்ம பக்கத்து பனைவிளை, நம்ம பக்கத்து பேச்சு, அப்பாவுக்க அப்பாவ கண்ணப்பச்சின்னு கூப்பிடுற வீடு. திருவனந்தபுரம் காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த அம்மா இவ்வளவு அழகா நம்ம தமிழ எழுதிருக்காவளேன்னு ஒவ்வொரு தடவையும் தோணும்.

மாமி, வீட்டுக்காரருக்க அம்மை, மீன் கழுவிட்டு இருந்தாவ. என்ன பிள்ளே வாசிக்கன்னு கேட்டாவ. லிஸின்னு ஒரு புள்ளை மாமி, பெரியவளானதும் ஸ்கூல நிறுத்தி வீட்டுக்குள்ள வச்சிருவாவ, அவளுக்கு பனையேறி மகன் தங்கராஜ் மேல இஷ்டம், ஆனா வீடு பெரிய வீடுன்னு சொன்னேன்.

மாமி கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. சாளைய அரிவாள்மணைல வச்சு தலைய கிள்ளிட்டே இருந்தாவ. அப்புறம் சொன்னாவ, 'என்னையும் எட்டாம் கிளாஸோட நிறுத்தினாவ மக்ளே. பனை ஏறுறவன் ஏறதுக்கு முந்தி கீழ நின்னு ஒரு கூவல் கூவுவான், மேல இருந்து பாத்தா எல்லாருக்க வீட்டு முற்றமும் தெரியும்லா, பொம்பளையள் குளிச்சிட்டு நின்னா உள்ள போவட்டுன்னு. கூவல் கேட்டதும் எனக்க அம்மை என்ன பிடிச்சு இழுத்து உள்ள விடுவா.'

பின்ன சட்டிய எடுத்துட்டு எந்திரிச்சாவ. அடுக்களை வாசல்ல நின்னுட்டு, 'உள்ள போவாத நாளும் உண்டு'ன்னு சொல்லிட்டு போயிட்டாவ.

கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்து 14 வருஷம். அந்த வாசல்ல நின்னது யாருன்னு எனக்கு தெரியல.

ஜூன் 12, புதன்

வீட்டுக்காரர் குவைத்ல இருந்து வீடியோ கால். என்ன செய்றான்னு கேட்டாரு, வாசிக்கேன்னேன், 'கதை தானே'ன்னாரு. கடைக்கு புது டோனர் வாங்கணும்.

ஜூன் 16, ஞாயிறு

நாகர்கோவில்ல ஒரு இலக்கிய கூட்டம், பக்கத்து வீட்டு டீச்சர் கூப்பிட்டு போனேன். பேச்சு தோப்பில் முகமது மீரானுக்க 'சாய்வு நாற்காலி' பத்தி. 1997ல சாகித்ய அகாதமி வாங்கின நாவல், தேங்காப்பட்டணத்து கதை. முஸ்தபாக்கண்ணு சாய்வு நாற்காலில கெடந்துட்டே தறவாட்ட, அதான் பரம்பரை வீட்ட, வித்து தின்னு தீக்கான், அந்த வீட்ல பெண்டுகள அடிக்கன்னே ஒரு பிரம்பு உண்டு, அதுக்கு ஒரு பேரும் உண்டு. எனக்கு எப்பவும் அந்த பேர் தான் பயம். அடிக்கிற கம்புக்கு பேர் வச்சு பரம்பரையா காப்பாத்துறான்னா அது கோவம் இல்ல, அது ஆசாரம். மீரான் ஆண் தான், ஆனா அந்த நாற்காலில உக்காந்துட்டு எழுதல, அது தான் வித்தியாசம்.

அப்புறம் பேச்சு சல்மாவுக்க 'இரண்டாம் ஜாமங்களின் கதை'க்கு போச்சு. 2004ல நம்ம நாகர்கோவில்ல இருந்து தான் காலச்சுவடு அத போட்டுது. அதுல ராபியான்னு ஒரு சின்ன புள்ளை, அவ பாக்க கேக்க தான் பாதி கதை நமக்கு வருது. பெண்டுகள் வேலை செய்துட்டே கூடி இருந்து பேசுற பேச்சு இருக்கே, புருஷமாரு பத்தி, ராத்திரி பத்தி, பச்சையா, சிரிச்சு சிரிச்சு. எனக்கு அது புதுசா தெரியல, எங்க ஊர்ல மரச்சீனி சீவி காயப்போடும்போ நடக்கிற பேச்சு தான், யாரும் எழுதிப் பாத்ததில்ல அவ்வளவு தான்.

ஒரு சார் எந்திரிச்சு, பொம்பளையள் எழுத வந்தா ஏன் இதையே எழுதுறாவ, வேற விஷயமே இல்லியான்னு கேட்டாரு. பாதி பேர் சிரிச்சாவ. நானும் லேசா சிரிச்சேன், அத நினைச்சா இப்போ எரிச்சலா வருது. பஸ்ஸு வில்லுக்குறி தாண்டும்போ தான் பதில் வந்துது: அலங்காரத்த பத்தி, கங்காவ பத்தி எல்லாம் ஆம்பளையள் எழுதும்போ இந்த கேள்விய யாராவது கேட்டாவளா சார்? பஸ்ல யார்ட்ட சொல்ல, பக்கத்துல ஒரு பாட்டி வாழைக்குலைய மடில வச்சிட்டு தூங்கிட்டு இருந்தா.

ஜூன் 19, புதன்

கங்கான்னு சொன்னது ஜெயகாந்தனுக்க 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. ராத்திரி மழை ஓட்டுல அடிச்ச அடிக்கு தூக்கம் வராம அதையே நினைச்சிட்டு கெடந்தேன். முதல்ல 'அக்கினிப் பிரவேசம்'னு ஒரு சிறுகதை எழுதினாரு, 1966ல. மழைல பஸ்ஸுக்கு நிக்குற காலேஜ் புள்ளை ஒரு கார்ல ஏறுறா, நடக்கக்கூடாதது நடக்குது, வீட்டுக்கு வந்து சொல்லுதா, அம்மை அவ தலையில தண்ணிய ஊத்தி நீ சுத்தமாயிட்டன்னு சொல்லி விஷயத்த அங்கேயே மூடிருதா. ஊரே சண்டைக்கு வந்துது. அதுக்கு அப்புறம் அதே மழை, அதே காரு, அதே புள்ளை, ஆனா அம்மை மட்டும் தண்ணி ஊத்தாம கத்தி ஊரைக் கூட்டிட்டா என்ன ஆகும்னு நாவலா எழுதினாரு. அண்ணன் வீட்ட விட்டு வெளிய தள்ளுதான், மாமா அடைக்கலம் குடுக்கிற சாக்குல கை நீட்டுதான்.

ரெண்டுலயும் கார்க்காரன் செய்தது ஒண்ணு தான், அதுல மாத்தமே இல்ல. பக்கத்து வீட்டுக்கு கேட்டுதா கேக்கலையா, அதுல தான் அவளுக்க வாழ்க்கை முழுக்க தொங்குது. பனையேறி கூவுறதுக்கும் அம்மை கத்துறதுக்கும் நடுவுல தான் நாம எல்லாரும் வளந்திருக்கோம் போல. லிஸி ஒருத்தி தான் பைய பைய, கத்தாம, பயந்துட்டே, ஆனா விடாம நிக்கா. எனக்கு அவள தான் பிடிக்கும்.

ஜூன் 25, செவ்வாய்

நாலு நாளா சல்மா புக்கு காணல. நான் கடைல விட்டுட்டேன்னு நினைச்சு பேப்பர் கட்டெல்லாம் தேடினேன்.

இன்னைக்கு மத்தியானம் கடைய அடைச்சிட்டு சீக்கிரமா வந்தா, மாமி திண்ணைல கண்ணாடி போட்டு மடில புக்க விரிச்சு வச்சிருக்காவ, பக்கத்துல முறத்துல பாதி உரிச்ச உள்ளி. நான் வந்தது தெரியல, உதடு அசையுது. அதுக்குள்ள தெக்கு வீட்டு அக்கா கொடையோட முற்றத்துல கேறி வந்தா. மாமி ஒரே இழுப்பா புக்க முறத்துக்கு அடியில தள்ளிட்டு உள்ளிய உரிக்க ஆரம்பிச்சாவ, 'மழை விடமாட்டேங்குது பாத்தியா'ன்னு.

அக்கா அரை மணிக்கூர் இருந்து கட்டன் சாயா குடிச்சிட்டு போனா. அவ இடவழி திரும்புற வரைக்கும் பாத்துட்டு நின்ன மாமி முறத்த தூக்கினாவ. அட்டைல உள்ளித்தோல் ஒட்டி இருந்துது, ஊதி விட்டாவ.

'அந்த ஃபிர்தவ்ஸுக்கு என்ன ஆவும் மக்ளே? சொல்லாத, சொல்லாத, நானே பாத்துக்கிடுதேன்.'