மே 18 தெரியும், அமைதிப்படை தெரியாது

மே பிறந்தால் எங்கள் ராமநாதபுரம் பக்கம், 2009 மே 18-ல் இலங்கைப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலை நினைக்கும் போஸ்டர்கள் வந்துவிடும். வரவேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் 1987 ஜூலையில் இந்தியாவே இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையைப் பற்றி யாராவது மேடையில் வாய் திறந்து பார்த்திருக்கிறீர்களா? விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டு, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே செத்தார்கள். அதே வருஷம் தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல இங்கே ஒருத்தருக்கும் மனசு வருவதில்லை.

எங்கள் தெருவில் பட்டாளத்து மாமா ஒருவர் இருக்கிறார். கார்கிலுக்குப் போகாதவர், ஆனாலும் கார்கில் பேச்சை எடுத்தால் நிறுத்தமாட்டார். தான் போய்வந்த யாழ்ப்பாணத்தைக் கேட்டால் மட்டும், "அங்க கெணத்துத் தண்ணி நல்லா இருக்கும் தம்பி" என்பதோடு சரி. மண்டபம் அகதி முகாமில் ஓர் அக்கா, 1990-ல் மன்னார் பக்கமிருந்து படகேறி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர். "இந்தியன் ஆமி வரேக்க மாலை போட்டனாங்கள் தம்பி" என்பார், அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால் டீ போட எழுந்துவிடுவார்.

இதை மறதி என்று சொல்ல முடியாது, எல்லோருக்கும் வசதியான மௌனம். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த வருஷமே ஸ்ரீபெரும்புதூரில், அந்தப் படையை அனுப்பிய ராஜீவ் காந்தியைப் புலிகள் கொன்றார்கள். அதற்கப்புறம் எந்தப் பக்கம் பேசினாலும் வம்பு.

வேடிக்கை என்னவென்றால், 1989-ல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா வெளியே போகச்சொன்ன அதே படைக்குக் கொழும்பை ஒட்டி அவர்கள் நாட்டிலேயே நினைவுச்சின்னம் இருக்கிறது, மோடி 2015-லும் 2025-லும் போய் மலர்வளையம் வைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னத்தையோ 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள், மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்த பிறகுதான் திரும்பக் கட்டவிட்டார்கள். ஆக, யாருடைய சாவுக்குக் கல் நடலாம் என்பதையும் அரசாங்கம்தான் முடிவு பண்ணுகிறது.

நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பட்டாளத்துக்காரர்கள், முகாமில் அந்தப் பக்கத்து சனங்கள். இரண்டு தரப்புக்கும் வயதாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது செல்போனை ஆன் பண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். கட்சிக்காரர்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள், மாமா கிணத்துத் தண்ணிக்கே போய்விடுவார்.